கேள்வி–பதில்: அடிவரியில் இருப்பவர்கள்

போன இதழில் ஒரு வாசகர், "சல்மான் ருஷ்டியைக் கத்தியால் குத்தியது தப்புதான், ஆனால் அவரும் அப்படி எழுதியிருக்க வேண்டாமே?" என்று கேட்டிருந்தார். "ஆனாலுக்கு முன்னால் சொன்னது மட்டும் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மாங்கூழ் ஆலை விலை, பென்னாகரம் ரோட்டுப் பள்ளம் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை இது மட்டும்.

ஐயா, பாரிஸில் கார்ட்டூன் போட்டதற்காகப் பத்திரிகை ஆபீஸுக்குள் புகுந்து சுட்டதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. "மனசைப் புண்படுத்தினா அப்படித்தான் நடக்கும்" என்று பாதிப் பேர் சொன்னார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி, அரூர்

செத்தவர்கள் யார் யார் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம், அம்மா.

2015 ஜனவரி 7 அன்று சார்லி எப்டோ பத்திரிகைத் தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். படம் வரைந்தவர்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். மற்றவர்களைப் பாருங்கள். ஒருவர் முஸ்தஃபா ஊராட், அல்ஜீரியாவில் பிறந்தவர், அங்கே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கட்டடப் பராமரிப்பு வேலைக்கு வந்த ஆள், கீழ்த்தளத்திலேயே சுட்டுவிட்டார்கள். ஒருவர் அஹ்மத் மெராபே என்ற போலீஸ்காரர். அவரே முஸ்லிம்தான், நடைபாதையில் விழுந்து கிடந்தவரைக் கிட்டே வந்து சுட்டார்கள். இந்த மூன்று பேரும் ஒரு கோடுகூட வரையவில்லை.

நான் அச்சகம் வைத்திருப்பவன். என் பெயர் எப்போதும் தாளின் அடிவரியில்தான் வரும். அதனால் இப்படிப்பட்ட சேதி வந்தால் என் கண் முதலில் கீழே இருப்பவர்கள் பக்கம்தான் போகும். ருஷ்டியின் "சாத்தானிக் வெர்சஸ்" நாவலை ஜப்பானில் மொழிபெயர்த்த ஹிதோஷி இகராஷியை 1991இல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். இத்தாலிய மொழிபெயர்ப்பாளருக்கும் அதே மாதம் கத்திக்குத்து. நார்வே நாட்டுப் பதிப்பாளரை 1993இல் சுட்டார்கள், எப்படியோ பிழைத்தார். டாக்காவில் 2015இல் எழுத்தாளர் அவிஜித் ராய் கொல்லப்பட்டார். அதே வருஷம் அவர் புத்தகத்தை வெளியிட்ட தீபனையும் ஆபீஸிலேயே வெட்டிப் போட்டார்கள். இதெல்லாம் இப்போது வந்த புதுப்பழக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நபிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் போட்டதற்காக லாகூரில் 1929இல் ராஜ்பால் என்ற பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தப் புத்தகத்தில் எழுதியவர் பெயரே கிடையாது, போட்டவர் பெயர் இருந்தது. அது போதுமாக இருந்தது.

அந்தச் சார்லி எப்டோ கார்ட்டூன்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. மட்டமான நையாண்டி, அடுத்தவன் கும்பிடுவதைக் கேலி செய்து என்ன கண்டார்கள் என்றுதான் தோன்றியது. அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு நாக்கு போதும். உங்கள் வகுப்பில் பேசியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்தப் படங்களால் மனசு புண்பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். துப்பாக்கியோடு உள்ளே போனவர்கள் இரண்டு பேர். மிச்சமுள்ள கோடிப் பேரும் வருத்தப்பட்டார்கள், திட்டினார்கள், கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தார்கள். "புண்படுத்தினா அப்படித்தான்" என்பது இவர்கள் எல்லோரையும் அந்த இரண்டு பேரோடு சேர்த்துக் கட்டுவது. அதைவிடப் பெரிய அவமரியாதை அந்தக் கார்ட்டூனில்கூட இல்லை.

நான் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். சாதி, மதம், மூடநம்பிக்கை பற்றி முகநூலில் எழுதுவேன். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொலையான நாளிலிருந்து "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று வீட்டில் தினமும் சண்டை. நிறுத்திவிடட்டுமா அண்ணா?
— வாசகர், ஓசூர்

உங்கள் வீட்டில் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தம்பி. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். பாதி ஓசூர் காலையில் அங்கே வேலைக்குப் போய் இரவு திரும்புகிறது. அந்த ஊரில்தான் 2017 செப்டம்பர் 5 அன்று ஆபீஸிலிருந்து வந்து வீட்டு கேட்டைத் திறந்த பெண்ணைச் சுட்டார்கள். அதற்கு முன்னால் பகுத்தறிவாளர்கள் தபோல்கர், பன்சாரே, கல்புர்கி. இந்த நால்வரில் இருவர் காலை நடைக்குப் போனபோது, இருவர் வீட்டு வாசலில். கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது ஒரே துப்பாக்கிதான் என்று தடயவியல் ஆய்வு சொன்னது. "அதெல்லாம் மராட்டியம், கர்நாடகம், நம்ம தமிழ்நாட்டில் நடக்காது" என்று சொல்லவும் வழி இல்லை. அதே 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று எழுதியதுதான் அவர் செய்த குற்றம். ஒரு மதத்துத் தீவிரவாதி சுட்டால் மட்டும் குரல் கொடுத்துவிட்டு, இன்னொரு மதத்தவன் வெட்டும்போது டீ குடிக்கப் போய்விடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நிறுத்துங்கள் என்றும் நிறுத்தாதீர்கள் என்றும் நான் சொல்லக் கூடாது. அடி விழுந்தால் அது என் முதுகில் விழப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நிறுத்துவதென்றால், "குழந்தை சின்னது, பயமாக இருக்கிறது, நிறுத்துகிறேன்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். "இனி ஆக்கபூர்வமாகச் சிந்திக்கப் போகிறேன்" என்று பூசி மெழுகாதீர்கள். முன்னதைப் படிக்கிறவனுக்கு ஊரில் என்ன நடக்கிறது என்றாவது தெரியும். தொடர்வதென்றால் ஷிப்டு முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில் எழுதாதீர்கள். ஆதாரம் இல்லாததை எழுதாதீர்கள். வீட்டு வாசல், வண்டி நம்பர், குழந்தையின் பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் தெரிய வேண்டாம். மிரட்டல் வந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தெரிந்த வக்கீல் ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். தனியாகப் போனால் உங்களுக்கே அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ருஷ்டி நாவலை நீங்கள் படித்தீர்களா?
— வாசகர், காரிமங்கலம்

இருபது பக்கம். அதற்கு மேல் என் இங்கிலீஷ் தாங்கவில்லை. அதை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1988இல் போட்ட சுங்க உத்தரவைக் காட்டுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டபோது, எந்த அதிகாரியாலும் அந்தக் காகிதத்தைக் கொண்டுவர முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் முடித்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஒரு நாடே பயந்துகொண்டிருந்த காகிதம் அது.

நான் கூத்தில் கேலி பேசும் கட்டியக்காரன் வேஷம் கட்டுபவன். இப்போது சனமெல்லாம் செல்போனில் பிடிக்கிறது. "அதைப் பேசாதே, இதைப் பேசாதே" என்று விழாக் கமிட்டியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எந்த வசனம் யாருக்கு வலிக்கும் என்று யோசித்து யோசித்து வாயே வர மாட்டேன் என்கிறது. மரியாதைக்காக விடுகிறேனா, பயத்தால் விடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. (பெயர் போட வேண்டாம்.)
— பென்னாகரம் வட்டாரம்

இந்த இதழுக்கு வந்ததில் நல்ல கேள்வி உங்களுடையதுதான். அதைப் பெயர் போடாமல் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு பாரதக் கூத்துக்கு நான்தான் நோட்டீஸ் அடித்தேன், அழைப்பும் இருந்தது, போனேன். துரியோதனன் வருகைக்குத் திரை பிடித்தாயிற்று. கட்டியக்காரர் வழக்கம்போல வந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரிக்கிறார். "உம்ம ராச்சியத்துல ரேசன் கடை எத்தினி மணிக்குத் தொறப்பாங்க சாமி?" என்றார். துரியோதனன் மீசையை முறுக்கினான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரேஷன் கடைச் சேல்ஸ்மேனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஊர்க்கவுண்டர் நாற்காலியைப் பற்றி ஒன்று, அதற்கும் சிரிப்பு. அடுத்து, ஊர் நுழைவில் கட்டியிருந்த ஒரு பெரிய பேனரைப் பற்றி வாயைத் திறந்தார். "அந்தத் தலைவரு படத்துல..." என்று ஆரம்பித்ததும் ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையை அழுத்தியபடியே கண்ணால் ஓரத்தைக் காட்டினார். அங்கே நாலைந்து பையன்கள், கையில் செல்போன் வெளிச்சம். கட்டியக்காரர் அரை நொடி நின்றார். பிறகு மாமியார் ஜோக்குக்குத் தாவிவிட்டார்.

யாரும் மிரட்டவில்லை. யாரும் எழுந்துகூட நிற்கவில்லை. பேனர் வைத்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மிச்ச ராத்திரி முழுக்க மாமியார்தான் அடி வாங்கினாள். திருப்பி அடிக்க மாட்டாள் என்று தெரிந்த ஆள் அவள்தானே. பயம் வந்தால் நையாண்டி நின்றுபோவதில்லை, எளியவர் பக்கம் திரும்பிவிடுகிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு வசனத்தை விடலாமா என்று தோன்றும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதைக் கேட்டுக் கோபப்படப் போகிறவரின் கையில் தடி இல்லை, பின்னால் ஆள் இல்லை, அப்போதும் இதை விடுவேனா? விதவையைக் கேலி செய்யும் பழைய வசனம் ஒன்று உண்டு. அவள் கையில் எந்தத் தடியும் இல்லை. இருந்தும் உங்களில் பலர் அதை இப்போது விட்டுவிட்டீர்கள். அது மரியாதை, நல்லது. பேனர் வசனம்? தடி இல்லையென்றால் நீங்கள் அதைப் பேசியே இருப்பீர்கள். அப்படியானால் அது பயம். பயந்ததற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது, விடிந்தால் அதே ஊரில் பஸ் ஏற வேண்டியவர் நீங்கள். ஆனால் வாத்தியாராக இருந்து அடுத்த பையனுக்கு இந்த வேஷத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, "இங்கே ஒரு வசனம் இருந்தது, பயந்து விட்டேன்" என்று சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் அவன் கூத்தே மாமியார் ஜோக்குதான் என்று நினைத்து வளர்வான்.

கமிட்டிக்கு ஒரு வார்த்தை: கலைஞரை அழைத்துவிட்டு வாயைக் கட்டுவதற்குப் பதில், "எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியக்காரர் யாரையும் கேலி செய்வார், பொறுப்பு கமிட்டியுடையது" என்று நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள். அந்த வரியை இலவசமாக அடித்துத் தருகிறேன்.

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு எதிர்ப்பு வந்தால், "சட்டம் ஒழுங்கு கெடும்" என்று கூட்டத்துக்குத்தான் அனுமதி மறுக்கிறார்கள். கலாட்டா செய்வேன் என்பவனை விட்டுவிட்டுப் பேசுகிறவனைத் தடுப்பது எந்த நியாயம்?
— வாசகர், கிருஷ்ணகிரி

நியாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதுவும் ஒரு தமிழ்ப் பட வழக்கில். இட ஒதுக்கீடு பற்றிய "ஒரே ஒரு கிராமத்திலே" படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியையே கைகழுவுவது, மிரட்டுபவனிடம் சரணடைவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பேசுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை, முடியாது என்று கைவிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார்.

தீர்ப்பு அலமாரியில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் நடப்பது வேறு. நாமக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010இல் வந்த நாவல். நாலு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டில் போராட்டம், கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று அதிகாரிகள் முன்னிலையில் "அமைதிப் பேச்சுவார்த்தை". பாரிஸ் கொலைகள் நடந்து ஐந்தே நாள். உலகம் முழுக்கப் பேச்சுரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான், நமக்கு இரண்டு மாவட்டம் தள்ளி ஓர் எழுத்தாளரை உட்காரவைத்து நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, அவர் எழுதட்டும் என்றது. ஒன்றரை வருஷம் போயிற்று. அதற்குள் நம் பக்கம் எத்தனை பேர் எத்தனை பக்கத்தைத் தாங்களே கிழித்துப் போட்டார்கள் என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் பதிவு கிடையாது.

மதத்தைப் புண்படுத்தினால் தண்டிக்கும் 295ஏ பிரிவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன லாகூர்ப் புத்தகத்தால் எழுந்த கொந்தளிப்பில்தான் 1927இல் அந்தப் பிரிவு வந்தது. கோபத்தைச் சட்டம் தணித்துவிடும் என்பது கணக்கு. பதிப்பாளரைக் குத்தியது 1929இல், சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்து. இன்றைக்கு அதுவே புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆக உட்கார்ந்திருக்கிறது.

பேச்சுரிமை என்பதே மேல்நாட்டுச் சரக்கு. நம் ஊர்ப் பண்புக்கு அது எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாப்பாரப்பட்டி

ஐயா, பாப்பாரப்பட்டியில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? 1908இல் தூத்துக்குடியில் பேசியதற்காகச் சிறைக்குப் போய், அங்கே தொழுநோயோடு வெளியே வந்து, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தபோது ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர் சுப்பிரமணிய சிவா. 1925 ஜூலை 23 அன்று உயிர் விட்டது உங்கள் ஊரில். அவர் எந்த மேல்நாட்டுப் புத்தகத்தைப் படித்து வாயைத் திறந்தார்?

மேல்நாட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதற்கும் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. தாமஸ் மன்றோ. தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய பாரமகாலில் வரி வசூல் பார்த்துக்கொண்டு 1790களில் தர்மபுரியில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர். ஊர் மேல் அவருக்குப் பிரியம், தோட்டம் போட்டார். அதே மன்றோ சென்னை கவர்னரானதும் 1822இல் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார்: சுதந்திரப் பத்திரிகையும் அந்நிய ஆட்சியும் ஒன்றாக இருக்க முடியாது, ஆகவே இந்தியாவுக்குச் சுதந்திரப் பத்திரிகை கூடாது என்று. பேச்சுரிமை உங்கள் ஊருக்கு ஒத்துவராது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். நீங்கள் அவர் கட்சியில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எல்லாம் சரி. பிரச்சினைக்குரிய ஒரு மேட்டரை உங்கள் அச்சகத்துக்கே கொண்டுவந்தால் அடித்துத் தருவீர்களா? அந்த டென்மார்க் கார்ட்டூன்களை அடிப்பீர்களா?
— வாசகர், தர்மபுரி

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன்.

நபிகளைப் பற்றி 2005இல் டேனிஷ் பத்திரிகை போட்ட அந்தப் பன்னிரண்டு கார்ட்டூன்களை அடிக்க மாட்டேன். ஒரு பாதி, எனக்குப் பிடிக்கவில்லை. மறு பாதி, பயம். என் கடையில் டிடிபி பார்க்க இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்தச் சர்ச்சையைப் பற்றியே 2009இல் ஒரு ஆய்வு நூல் போட்டது, கார்ட்டூன்களை மட்டும் எடுத்துவிட்டது. வன்முறை வரலாம் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள் என்று காரணத்தையும் வெளியே சொன்னது. எடுத்ததற்காகத் திட்டு வாங்கியது, வாங்க வேண்டியதுதான். மறைக்காமல் சொன்னதற்கு என் தனிப்பட்ட மரியாதை உண்டு.

அடித்த கதையும் ஒன்று இருக்கிறது. 2012 நவம்பரில் நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டு எரித்தார்கள். அதைக் கண்டித்து ஒரு கூட்டம் போட, சிலர் போஸ்டர் மேட்டரோடு ஊரைச் சுற்றிவிட்டு என் கடைக்கு வந்தார்கள். ஒரு கடையில் "மெஷின் ரிப்பேர்" என்றார்களாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டதாம். இன்னொரு இடத்தில் பேப்பர் இல்லை. மூன்றாவது இடத்தில் "ஆபரேட்டர் லீவு". நம் ஊர்த் தணிக்கை அதிகாரிகள் இந்த மூன்று பேரும்தான். அவர்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவருக்காவது பெயர் கிடைக்கும், மேடையில் துண்டு போடுவார்கள். போஸ்டர் அடித்தவனுக்கும் மண்டபம் கொடுத்தவனுக்கும் மைக் செட் கட்டியவனுக்கும் என்ன கிடைக்கும், உடைந்த கண்ணாடியைத் தவிர? பேச்சுரிமைக்காகக் கூட்டம் போடுகிற தோழர்கள் இவர்களைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்லை.

மேட்டரை வாங்கிப் படித்தேன். ஒரு வரியில் ஒரு சாதி முழுவதையும் திட்டியிருந்தது. அதை எடுங்கள், செய்தவர்களைத் திட்டுங்கள் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எடுத்தார்கள். கடைசியில் வந்தவரே தயங்கித் தயங்கி, "அடியில் உங்க அச்சகம் பேரு போட்டுக்குவீங்களா, வேண்டாமா?" என்று கேட்டார். அச்சடித்த தாளில் அச்சகப் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1867ஆம் வருஷத்துச் சட்டம், வெள்ளைக்காரன் நம்மைப் பிடிக்க வசதியாகப் போட்டது. போட்டேன். யாரும் கல் எறியவில்லை. இரண்டு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் மட்டும் வேறு கடைக்குப் போய்விட்டது.

ஆகவே, கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டவரோ, மிரட்டப்பட்ட கட்டியக்காரரோ, யாராக இருந்தாலும் வாருங்கள். முழுதாகப் படித்துப் பார்ப்பேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன், மெஷின் மேல் பழி போட மாட்டேன். மேட்டரைக் கையெழுத்தில் தராமல் டைப் செய்து கொண்டுவந்தால் நல்லது. புரூஃபில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பணம் அட்வான்ஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வராதீர்கள், முகூர்த்தப் பத்திரிகைக் கூட்டம் தாங்காது.